எழுந்து நிற்பதற்கும் ஒரு புள்ளி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழா ஆண்டில் இளைஞர்களுக்கென ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று பங்குப் பேரவையினர் முடிவு செய்தபோது, "சாமி, விடாமுயற்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆமையும் முயலும் ஓடிய கதையை நீங்கள் பாலர் வகுப்பிலேயே கேட்டுவிட்டீர்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க நமக்கு விருப்பமில்லை. எனவே, நாம் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மல்யுத்தம். சாமியாருக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆயரின் அனுமதியோடு, அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் ஒரு பங்கில் நாம் உதவிப் பணியாற்றி வந்தோம். அயோவா ஒரு விவசாய பூமி. கண்ணுக்கு எட்டிய மட்டும் சோளக் காடு. ஊருக்கு ஊர் பன்றிப் பண்ணை. குளிர்காலம் வந்தால் நிலமெல்லாம் பனி மூடிவிடும். அந்த மாதங்களில் ஊர் கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று கோவில், மற்றொன்று பள்ளியின் விளையாட்டுக் கூடம். அங்கே நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மல்யுத்தம் நடைபெறும். பெப்ரவரியில் தலைநகரான டி மாயினில் மாநிலப் போட்டி. நம் ஊரில் தேர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் அவர்கள் குடும்பம் குடும்பமாக அதற்குப் போவார்கள்.

ஒரு நாள் மாலை, பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தங்கள் மகனின் போட்டியைக் காண நம்மை அழைத்துச் சென்றார்கள். பையனுக்கு வயது 15. ஒல்லியான உடம்பு. பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்காரும் பிள்ளை.

ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கூடத்தின் நடுவே கனத்த விரிப்பு. அதில் ஒரு வட்டம். ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவர் அதற்குள் வந்து கை குலுக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று. மொத்தம் 6 நிமிடம். எதிராளியின் இரு தோள்களையும் 2 விநாடி விரிப்போடு அழுத்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்தது. இல்லையேல் புள்ளிக் கணக்கு. ஆறு நிமிடம்தானே என்று எண்ணாதீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் இன்னொருவனோடு மல்லுக்கட்டிப் பாருங்கள், தெரியும். பந்து விளையாட்டில் களைத்தவனுக்குப் பதிலாக வேறொருவனை இறக்கலாம். தோற்றால் பழியைப் பதினொரு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். இங்கே அது கிடையாது. முடிவில் நடுவர் இருவரையும் நடுவில் நிறுத்தி, வென்றவன் கையை மட்டும் உயர்த்துவார். தோற்றவனும் அங்கேயே, ஊரார் கண்முன், நின்றாக வேண்டும்.

இந்தப் பள்ளி மல்யுத்தத்தில் ஒரு விதி நம்மை மிகவும் கவர்ந்தது. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் பெரும்பாலும் ஒருவன் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கீழே இருப்பான். மற்றவன் அவன் இடுப்பை வளைத்துப் பிடித்தபடி மேலே இருப்பான். கீழே இருப்பவன் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு எழுந்து, எதிராளியை நேருக்கு நேர் பார்த்துவிட்டால், அவனுக்கு 1 புள்ளி உண்டு. அவன் யாரையும் வீழ்த்தவில்லை. கீழே கிடந்தவன் எழுந்து நின்றான், அவ்வளவுதான். அதற்கே ஒரு புள்ளி! ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இந்தப் புள்ளி இல்லை. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வழங்கும் முறையில்தான் இது இருக்கிறது.

நம் பையனின் ஆட்டத்துக்கு வருவோம். முதல் சுற்றிலேயே எதிராளி அவனைத் தூக்கிப் போட்டுவிட்டான். இரண்டாம் சுற்றில் இவன் கீழே. எழ முயன்றான்; இழுத்துப் போட்டான் அவன். மீண்டும் முயன்றான்; மீண்டும் விழுந்தான். நாலு தடவை இப்படி. இவன் முகம் விரிப்பில் தேய்ந்து சிவந்துவிட்டது. அருகில் இருந்த தாய் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்தாம் தடவை எப்படியோ ஒரு காலை ஊன்றி, இடுப்பைச் சுற்றியிருந்த விரல்களைப் பிரித்துக்கொண்டு எழுந்துவிட்டான். நடுவர் ஒரு விரலைக் காட்டினார். பிறகு மூன்றாம் சுற்றிலும் பையன் விழுந்தான். முடிவு 9-க்கு 1. தோல்வி.

வெளியே வந்ததும் அவன் தோளில் கை வைத்து, "பரவாயில்லை தம்பி, வெறும் விளையாட்டுதானே, விடு" என்று ஆறுதல் சொன்னோம். அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். கோவிலில் ஒரு நாளும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. "ஃபாதர், இரண்டாம் சுற்றில் நான் எழுந்துவிட்டேனே, நீங்கள் பார்க்கவில்லையா? போன மாதம் இதே பையன் முதல் சுற்றிலேயே என் தோளை அழுத்தி முடித்துவிட்டான்" என்றான்.

நமக்கு வெட்கமாகிவிட்டது. நாம் 9-ஐப் பார்த்தோம். அவன் 1-ஐப் பார்த்தான். ஒரு மாதம் உழைத்துப் பெற்ற அந்த ஒரு புள்ளியை, ஆறுதல் சொல்கிறோம் என்ற பெயரில், நாமே தட்டிப் பறித்துவிட்டோம். அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

விடாமுயற்சி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆவேசப்படுவது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆவேசம் முதல் சுற்றோடு தீர்ந்துவிடும். நெஞ்சுரம் என்பது வேறு. தோற்ற மறுநாள் மாலை அதே கூடத்துக்கு, அதே விரிப்புக்கு, தோற்றதைக் கண்டவர்கள் நடுவிலேயே மறுபடியும் போய் நிற்பதுதான் நெஞ்சுரம். இதற்குச் சான்றாக அந்நாட்டில் பலரும் அறிந்த மூவரைச் சொல்கிறோம். மூவரும் பள்ளிக்கூட விரிப்பில் வளர்ந்தவர்கள்.

முதலாமவர் டான் கேபிள். அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரத்தவர். 1964-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அவர் 15 வயது மாணவராக இருந்தபோது, அவருடைய அக்காள் தங்கள் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். பெற்றோர் இடிந்து போனார்கள். அந்த வீட்டில் இனி எப்படிக் குடியிருப்பது என்று தவித்தார்கள். சிறுவன் கேபிள் தன் படுக்கையை அக்காளின் அறைக்கு மாற்றிக்கொண்டான். குடும்பம் அந்த வீட்டிலேயே தங்கியது. அம்மாணவன் பள்ளி நாட்களில் 64 போட்டிகளில் பங்குகொண்டு ஒன்றிலும் தோற்கவில்லை. கல்லூரியிலும் வெற்றிமேல் வெற்றி. ஆனால் 1970-இல், கல்லூரி வாழ்வின் கடைசிப் போட்டியில், லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 11-க்கு 13 என்ற கணக்கில் தோற்றார். பள்ளியிலும் கல்லூரியிலுமாக அவர் கண்ட ஒரே தோல்வி அதுதான். அதோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகள் எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் 1976 முதல் 1997 வரை அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்து, தம் அணிக்கு 15 தேசியப் பட்டங்களைத் தேடித் தந்தார். பதக்கங்கள் ஒருபுறம் இருக்கட்டும். துயரம் நிறைந்த அந்த அறைக்குள் 15 வயதில் குடி புகுந்த துணிவையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

இரண்டாமவர் ஆன்டனி ரோபிள்ஸ். அரிசோனா மாநிலத்து மேசா உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். பிறவியிலேயே வலது கால் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் மல்யுத்தம் தொடங்கினார். முதல் ஆண்டில் 5 வெற்றி, 8 தோல்வி. ஒரு காலோடு மல்யுத்தமா என்று கேட்டவர்கள் அன்று தாங்கள் சொன்னதே சரி என்று எண்ணியிருப்பார்கள். அவரோ இல்லாத காலைப் பற்றி ஏங்காமல், இருக்கும் உடலைக் கொண்டு ஒரு முறையை அமைத்துக்கொண்டார். ஊன்றுகோலில் நடந்து நடந்து உரமேறிய கைகளின் பிடியும், தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும் நிலையும் அவருக்குப் படைக்கலங்களாயின. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 96 போட்டிகள், 96-லும் வெற்றி. 2011-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 125 பவுண்டு எடைப் பிரிவில் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றார். அவருடைய வாழ்க்கை பின்னர் திரைப்படமாகவும் வந்தது.

மூன்றாமவர் கைல் மேனார்ட். ஜார்ஜியா மாநிலத்தவர். 1986-இல் பிறந்தவர். பிறவியிலேயே கைகள் முழங்கை அளவோடும், கால்கள் முழங்கால் அளவோடும் நின்றுவிட்டன. மல்யுத்தத்தில் சேர்ந்தார். முதல் 35 போட்டிகளிலும் தோல்வி! ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று தோற்றுக்கொண்டே 35 முறை வட்டத்துக்குள் போவதை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் அதே மாணவர் 30-க்கு மேற்பட்ட போட்டிகளில் வென்றார். முப்பத்தாறாம் முறை போகாதிருந்தால் அந்த வெற்றிகள் ஏது?

இம்மூவரைப் பற்றிக் கேட்டதும், "விடாமல் முயன்றால் எவரும் சாம்பியன் ஆகலாம்" என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அது உண்மை அன்று. பதினாறு பேர் போட்டியிட்டால் தோல்வியே காணாமல் வீடு திரும்புபவன் ஒருவன்தான். நாம் கண்ட அந்த ஒல்லிப் பையன் ஒருநாளும் மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. ஆனால், பல போட்டிகளில் வேறொரு வழியும் உண்டு. முதலில் தோற்றவனை அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. தோற்றவர்கள் தமக்குள் மோதி, படிப்படியாக ஏறி, மூன்றாம் இடம் வரை வரலாம். காலையில் தோற்றவன் மாலை வரை பசியும் வலியும் தாங்கி, அடுத்தடுத்து வென்று மூன்றாம் இடத்தைப் பிடிப்பான். அந்தப் பதக்கத்துக்கு அங்கே தனி மரியாதை. உலகம் முதல் இடத்தை மட்டும் படம் பிடிக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றாமவனைத் தேடிப் போய்க் கை குலுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் அந்தக் கூடத்தில் கற்றுக்கொண்டோம். ஓட்டப் பந்தயத்துக்குத் தனியாக ஓடிப் பழகலாம். மல்யுத்தத்தைத் தனியாகப் பழக முடியாது. உன் பலத்தைச் சோதிக்க இன்னொருவன் தன் உடலைக் கொடுக்க வேண்டும். தினமும் உன்னிடம் விழுந்து எழுபவன்தான் உன்னை வளர்க்கிறான். போட்டிக்குச் செல்லாத, பெயர் வெளியே தெரியாத எத்தனையோ மாணவர்கள் இப்படித் தோழனுக்காக மாலைதோறும் விழுந்து எழுகிறார்கள். நம் பங்கின் ஐம்பது ஆண்டு வரலாற்றிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டல்லவா? இந்த மலரில் படம் வராத அவர்களையும் இன்று நன்றியோடு நினைப்போம்.

மாணவிகளே, இது ஆண் பிள்ளைகள் கதைதானே என்று இருந்துவிடாதீர்கள். 2006-இல் அலாஸ்கா மாநிலத்தில் மிக்கேலா ஹட்சிசன் என்ற மாணவி, ஆண் பிள்ளைகளோடு மோதி மாநிலப் பட்டம் வென்றாள். அந்நாட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. அயோவாவிலும் 2022 முதல் பெண்களுக்கென்று தனியாக அதிகாரபூர்வமான பள்ளி மல்யுத்தம் நடைபெறுகிறது.

இனி ஓர் எச்சரிக்கை. பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். விடாமுயற்சிக்கும் வெறிக்கும் இடையே ஒரு கோடு உண்டு. மல்யுத்தம் எடைவாரியாக நடப்பதால், குறைந்த எடைப் பிரிவில் புகுவதற்காக மாணவர்கள் உண்ணாமல், நீர் அருந்தாமல் உடலை வற்ற வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதையும் மன உறுதி என்றே புகழ்ந்தார்கள். 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், சில வார இடைவெளியில், மூன்று கல்லூரி மல்லர்கள் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தார்கள். காற்றுப் புகாத உடையணிந்து, வெப்பமான அறையில், வியர்வை கொட்டக் கொட்டப் பயிற்சி செய்த இளைஞர்கள் அவர்கள். அதன் பிறகே கல்லூரி விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும், மாணவன் உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று சோதித்து, கொழுப்பின் அளவு ஆண்களுக்கு 7 விழுக்காட்டுக்கும் பெண்களுக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே போகாதபடி எடையை வரையறுக்கிறார்கள். மூன்று தாய்மார்களின் கண்ணீருக்குப் பின் வந்த ஞானம் இது. பிள்ளையின் நெஞ்சுரத்தைப் போற்றுங்கள். ஆனால் நம்முடைய ஆசையை அவன் முதுகில் ஏற்றி, அதற்கு விடாமுயற்சி என்று பெயர் சூட்டாதீர்கள். போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்வது பெரியவர்களின் கடமை.

மல்யுத்தம் வேதத்துக்கும் புதிதன்று. புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்குக் கடிதம் எழுதும்போது ஓட்டப் பந்தயத்தையும் குத்துச் சண்டையையும் உவமையாகக் காட்டுகிறார். அந்நகரின் அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்து வந்ததால், கேட்டவர்களுக்கு அது உடனே விளங்கியிருக்கும். ஆதியாகமத்தில் யாக்கோபு யாபோக்கு ஆற்றின் கரையில் இரவு முழுவதும் மல்லுக்கட்டிய நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். விடியும்வரை அவன் பிடியை விடவில்லை. ஆசியும் பெற்றான்; தொடைச் சந்தில் அடியும் பெற்றான். பொழுது விடிந்தபோது நொண்டிக்கொண்டுதான் நடந்தான். ஆசி வேறு, நொண்டல் வேறு என்று பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒன்றாகவே சுமந்து சென்றான். உண்மையாகப் போராடிய எவனும் தழும்பில்லாமல் திரும்புவதில்லை. தழும்பைக் கண்டு வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

முடிவாக ஒன்று. அயோவாவிலிருந்து திரும்பிய பின், நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. பையன் மூன்று நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு வாசற்படியில் ஆறிக் கிடந்தது. தந்தை நம்மைக் கண்டதும், "மூணாவது தடவையும் கணக்கில் போய்விட்டது சாமி, இவனை என்ன செய்வது?" என்று தலையில் கை வைத்தார். "பரவாயில்லை, விடு" என்ற வார்த்தை நம் நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒல்லிப் பையனின் முகம் நினைவுக்கு வரவே, அதை விழுங்கிக்கொண்டோம். கதவருகே போய், "தம்பி, மூன்று தடவையும் எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டோம். வெகு நேரம் பதில் இல்லை. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. முதல் தடவை 9. இரண்டாம் தடவை 17. இந்தத் தடவை 29.

தேறுவதற்கு 35 வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்பதிலிருந்து இருபத்தொன்பதுக்கு அவன் ஏறி வந்திருக்கிறான் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அதைத் தந்தையிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தட்டை எடுத்துப் போய்ச் சோற்றைச் சூடாக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

அந்தப் பையன் அடுத்த தேர்வில் தேறினானா என்று கேட்பீர்கள். அதற்குள் நமக்கு மாற்றலாகிவிட்டது. அவன் மறுபடியும் எழுதப் போனான் என்பது மட்டும் தெரியும். இன்றைய உரைக்கு அது போதும்.

இளைஞர்களே, கீழே கிடக்கும் நேரம் உங்களுக்கும் வரும். அப்போது எதிராளியை வீழ்த்துவதைப் பற்றி நினைக்க வேண்டாம். ஒரு காலை ஊன்றுங்கள். எழுந்து நில்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தோற்று வீட்டுக்கு வரும் நாளில், அவன் தவறவிட்ட ஒன்பதை எண்ணுவதற்குமுன், அவன் பெற்ற ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது எங்கேயாவது இருக்கும். கண்டுபிடித்து அவனிடம் சொல்லுங்கள்.

இறைவன் நம் அனைவருக்கும் அந்த நெஞ்சுரத்தையும், அதைக் காணும் கண்களையும் தந்தருள்வாராக!